மன அழுத்தம்: முதலில் உடம்பை அமைதிப்படுத்துங்கள்

மன அழுத்தத்தில் தவிக்கிறவரிடம் "அதையே யோசிக்காதே" என்று சொல்லிப் பயனில்லை. அந்த நேரத்தில் கொதிப்பது உடம்பு. மூளை ஆபத்து என்று கணித்த நொடியில், சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கும், தசைகள் இறுகும், செரிமானம் மந்தமாகும். சில நிமிடங்களில் அதே சுரப்பிகளின் இன்னொரு ஹார்மோனான கார்டிசோலும் ஏறி ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும். ஆபத்து விலகியதும் இரண்டும் இறங்கிவிட வேண்டும். ஆனால் கடன், வேலைப் பளு, வீட்டுச் சண்டை போன்றவை ஒரே நாளில் முடிவதில்லை; உடம்புக்கு இறங்க நேரமே கிடைப்பதில்லை.

அதனால் வரிசை முக்கியம். உடம்பு தணிந்த பிறகுதான் பிரச்சினையைத் தொட வேண்டும்.

மூச்சில் தொடங்குங்கள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுங்கள். வயிற்றில் வைத்த கை எழ வேண்டும், தோள் எழக் கூடாது. 6 எண்ணும்வரை விடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு. இப்படி 5 நிமிடம். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள்: இழுக்கையில் சற்று விரையும், விடுகையில் தளரும்.

பலர் தவறுவது இங்கேதான். ஆழமாக இழுக்க வேண்டும் என்று நெஞ்சு முட்ட இழுத்து, தலை சுற்றி, விரல் மரத்துப்போய்ப் பயிற்சியையே கைவிடுகிறார்கள். வேகமாகவும் அளவுக்கு மீறியும் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும்; தலைசுற்றல் அதனால்தான். குறைவாக இழுங்கள். 4-6 திணறலாக இருந்தால் 3-4 போதும்.

மூச்சில் கவனம் வைத்தாலே பதற்றம் கூடுகிறவர்களுக்கு அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வு முறை பொருந்தும். பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என்று ஒவ்வொன்றாக 5 நொடி இறுக்கி, 15 நொடி தளர்த்துங்கள். அடிபட்ட இடத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்து தூக்கம். தூங்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. எழும் நேரத்தை முடியும். விடுமுறையிலும் அதே நேரத்துக்கு எழுங்கள். காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும், மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மது சீக்கிரம் தூங்க வைத்தாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் குலைக்கும். படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா? எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கியதும் படுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

இப்போது பிரச்சினைக்கு வரலாம். மாலையில், படுக்கப் போக வெகுநேரம் இருக்கும்போதே, கவலைப்படுவதற்கென்று 20 நிமிடம் ஒதுக்குங்கள். பகலில் மனசை அரிப்பதை ஒரு வரி குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். தாளில் இரண்டு பத்தி: என் கையில் இருப்பது, இல்லாதது. "வேலை அதிகம்" என்று எழுதினால் எதுவும் நகராது. "வெள்ளிக்கிழமை அறிக்கையில் இரண்டு அட்டவணை பாக்கி, நாளை 10 மணிக்கு முதலாவது" என்று எழுதுங்கள். இரண்டாவது பத்தியில் இருப்பதற்குத் தீர்வு தேட வேண்டாம். அதை நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். யோசனை வேண்டுமா, கேட்டால் மட்டும் போதுமா என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் நல்லது.

வாரத்துக்கு 150 நிமிட விறுவிறு நடையும் வேண்டும்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் மூச்சும் எழும் நேரமும் மட்டும்.

படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத எடைக் குறைவு மூன்றும் சேர்ந்தால் தைராய்டைப் பரிசோதியுங்கள். அது அதிகமாகச் சுரந்தாலும் இதே போலத்தான் இருக்கும். நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அழுத்தம் என்று ஒதுக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் தனியாக இருக்காதீர்கள்; அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.