மறுபிறவியும் கிறிஸ்தவமும் சேருமா? நீங்களே சோதித்துப் பார்க்கும் வழி

இந்தக் கேள்வியை ஒரே வசனத்தைக் காட்டி முடித்துவிடுகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் உண்டு. ஒருவர் மனிதர் ஒரேதரம் மரிக்கிறார் என்னும் எபிரெயர் 9:27 என்பார், இன்னொருவர் யோவானை எலியா என்று சொல்லும் மத்தேயு 11:14 என்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிதானமாகச் சோதிக்க முழு வேதாகமம் ஒன்று, விசுவாசப் பிரமாணத்தின் (சபைகள் அறிக்கையிடும் நம்பிக்கைச் சுருக்கம்) வாசகம், குறிப்பெழுத ஒரு தாள் போதும். பழைய மொழிபெயர்ப்பு, பொது மொழிபெயர்ப்பு இரண்டும் கையில் இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்பது முதல் படியிலேயே தெரியும்.

முதலில் சொற்களைப் பிரியுங்கள்

தாளில் நான்கு சொற்களைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். மறுபிறவி என்றால் இறந்தவரின் உயிர் வேறொரு உடலில் மீண்டும் பிறப்பது. மறுபடியும் பிறத்தல் என்றால் உயிரோடிருக்கும்போதே ஆவியினால் புதிதாவது. உயிர்த்தெழுதல் என்றால் இறந்தவரே உடலோடு எழுவது. ஆன்மாவின் முன்னிருப்பு என்றால் உடல் உருவாவதற்கு முன்பே ஆன்மா இருந்தது என்ற கருத்து. இந்தத் தலைப்பில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

தமிழில் வாசிப்பவருக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் தீத்து 3:5 "மறுஜென்ம முழுக்கு" என்கிறது, மத்தேயு 19:28 "மறுஜென்மகாலத்திலே" என்கிறது. புதிதாக வாசிப்பவர் "வேதத்திலேயே மறுஜென்மம் இருக்கிறதே" என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு இடத்திலும் மூலத்தில் இருப்பது 'பாலிங்கெனெசியா' என்ற கிரேக்கச் சொல். முதல் இடத்தில் அது ஞானஸ்நானத்தையும் மனம் புதிதாவதையும் குறிக்கிறது, இரண்டாவது இடத்தில் உலகமே புதிதாகும் நாளை. ஓர் உயிர் அடுத்த உடலுக்குப் போகும் பேச்சு இரண்டிலும் இல்லை. பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் குழப்பம் தீரும்.

யோவான் 3-ம் அதிகாரமும் இப்படித்தான். அங்கே உள்ள 'அனோதென்' என்ற சொல்லுக்கு "மறுபடியும்" என்றும் "மேலிருந்து" என்றும் இரு பொருள். இயேசுவோடு பேச வந்த யூதத் தலைவர் நிக்கொதேமு முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு, தாயின் வயிற்றுக்குள் இரண்டாம் முறை போக முடியுமா என்று கேட்கிறார். இயேசு அந்த வாசிப்பை ஏற்கவில்லை. மாம்சத்தினால் பிறப்பது வேறு, ஆவியினால் பிறப்பது வேறு என்று பிரித்துவிடுகிறார்.

எலியாவும் யோவானும்

மறுபிறவிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவதில் வலுவானது இதுதான். அதனால் அவசரப்படாமல், கீழே உள்ள வரிசையிலேயே வாசியுங்கள்.

மத்தேயு 11:14-ல் இயேசு, ஞானஸ்நானம் கொடுத்துவந்த யோவான் ஸ்நானனைக் குறித்து "வருகிறவனாகிய எலியா இவன்தான்" என்கிறார். மல்கியா 4:5-ல் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசியான எலியா வருவார் என்ற வாக்கு இருந்தது. இந்த இரண்டை மட்டும் வாசித்தால் மறுபிறவி போலத்தான் தெரியும். அடுத்து 2 இராஜாக்கள் 2:11-க்குப் போங்கள். எலியா சாகவில்லை, சுழல்காற்றில் எடுத்துக்கொள்ளப்படுகிறார். சாகாதவருக்கு மறுபிறவி எப்படி? அதே அதிகாரத்தின் 15-ம் வசனத்தில் நின்று பாருங்கள்: "எலியாவின் ஆவி எலிசாவின்மேல் இறங்கியிருக்கிறது" என்கிறார்கள். எலியாவின் சீடரான எலிசா அப்போது வளர்ந்த மனிதர், எலியாவோடு ஒரே காலத்தில் வாழ்ந்தவர். ஆக, "எலியாவின் ஆவி" என்பது அவருடைய ஊழியத்தின் வல்லமையைக் குறிக்கும் வழக்கு. யோவான் பிறப்பதற்கு முன் தூதன் சொன்னதும் இதே வழக்கில்தான்: "எலியாவின் ஆவியும் பலமும் உடையவனாய்" (லூக்கா 1:17).

இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. நீர் எலியாவா என்று நேரடியாகக் கேட்டபோது யோவான், "நான் அவன் அல்ல" என்கிறார் (யோவான் 1:21). மத்தேயு 14-ல் யோவான் சிரச்சேதம் செய்யப்படுகிறார். 17-ம் அதிகாரத்தில் மலைமேல் மோசேயோடு தோன்றுகிறவர் எலியா, எலியாவாகவே.

பிறவிக் குருடன்

யோவான் 9:2-ல் சீஷர்கள் கேட்பது: இவன் குருடனாய்ப் பிறந்தது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா? பிறக்கும் முன்பே பாவம் செய்திருக்கலாம் என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் இருப்பது உண்மை. மறுபிறவியை மறுப்பவர்கள் இதை மழுப்பக் கூடாது. கருவிலிருக்கும் பிள்ளையும் பாவம் செய்யக்கூடும் என்ற பேச்சு யூதப் போதகர் மரபில் உண்டு என்பதால், கேள்வியை மறுபிறவியாகத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எப்படி எடுத்தாலும் பதில் முக்கியம். இயேசு இரண்டையும் தள்ளுகிறார். ஊனத்தைப் பழைய கணக்கின் தீர்வாகப் பார்க்கும் வழியை அவர் அடைத்துவிடுகிறார்.

எபிரெயர் 9:27-ஐ எப்படிப் பயன்படுத்துவது

"ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" என்ற வரியைத் தனியாக வெட்டி எடுத்தால், "இயேசு உயிரோடு எழுப்பிய லாசரு இரண்டு தரம் செத்திருப்பானே" என்ற எதிர்க்கேள்வி வரும், நியாயமாகவே வரும். 26 முதல் 28 வரை சேர்த்து வாசியுங்கள். 'ஒரேதரம்' என்ற சொல் மூன்று வசனத்திலும் வருகிறது: கிறிஸ்து ஒரேதரம் வெளிப்பட்டார், மனிதர் ஒரேதரம் மரிக்கிறார், கிறிஸ்து ஒரேதரம் பலியிடப்பட்டார். மனித வாழ்வு ஒருமுறை என்பதன்மேல்தான் பலி ஒருமுறை என்ற ஒப்புமை நிற்கிறது. லாசருவின் கதை இதை அசைக்காது, ஏனென்றால் அவன் வேறொருவனாகப் பிறக்கவில்லை, லாசருவாகவே திரும்பி வந்தான்.

வரலாற்றுக் கதைகளைச் சோதியுங்கள்

"வேதத்தில் மறுபிறவி இருந்தது, சபைச் சங்கம் (ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் பேரவை) அதை நீக்கிவிட்டது" என்ற பேச்சு எங்கும் உலவுகிறது. சிலர் 325-ன் நிசேயா சங்கத்தைச் சொல்வார்கள், சிலர் 553-ன் இரண்டாம் கான்ஸ்டான்டினோபிள் சங்கத்தைச் சொல்வார்கள், பேரரசி தியோடோராவின் வேலை என்றும் சொல்வார்கள். தியோடோரா இறந்தது 548-ல், அந்தச் சங்கம் கூடுவதற்கு 5 ஆண்டு முன்பே. கையெழுத்துப் பிரதிகளும் சாட்சி: எபிரெயர் நிருபத்தைக் கொண்ட 46-ம் எண் பாப்பிரஸ் சுமார் 200-ஐச் சேர்ந்தது என்று கணிக்கப்படுகிறது, வத்திக்கான், சினாய் பிரதிகள் 4-ம் நூற்றாண்டினவை. இவை எல்லாம் 553-க்கு முற்பட்டவை. நீக்கப்பட்டதாகச் சொல்லும் பகுதி எதுவும் இவற்றில் இல்லை.

ஒரிகேன் பெயரும் கட்டாயம் வரும். அலெக்சாந்திரியாவின் இந்த அறிஞர் ஆன்மாவின் முன்னிருப்பைப் பேசியது உண்மை. 553-ஐ ஒட்டி அவர் பெயரால் அறியப்பட்ட கருத்துகளுக்கு எதிராக வந்த 15 சாபங்களில் (தவறான போதனையைத் தள்ளும் அறிக்கைகள்) முதலாவது தள்ளுவதும் முன்னிருப்பைத்தான். (அவை சங்கத்தின் முறையான தீர்மானங்களா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.) ஆனால் யோவானையும் எலியாவையும் பற்றி மத்தேயு நற்செய்திக்கான தம் விளக்கவுரையில் எழுதும்போது, ஆன்மா உடல்விட்டு உடல் மாறுகிறது என்பதை ஒரிகேனே மறுக்கிறார். உங்கள் தாளில் நான்கு சொற்களும் தனித்தனியாக இருந்தால் இது உடனே பிடிபடும்.

மறுபிறவியை நம்பிய குழுக்கள் இருந்தன. 2-ம் நூற்றாண்டின் கார்ப்போகிராத்தியர், இடைக்காலத் தென் பிரான்சின் கத்தாரியர் அப்படிப்பட்டவர்கள். அவர்கள் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. பெருஞ்சபை இவர்களோடு எதிர்வாதம் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுமார் 180-ல் ஆயர் இரேனியு, முற்பிறவி ஒருவருக்கும் நினைவில் இல்லையே என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

கடைசிச் சோதனை: உடல்

இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்கிறது. மறுபிறவியில் உடல் கழற்றிப் போடும் உடை, பல உடல்கள் வந்துபோகும். யோவான் 20:27-ல் உயிர்த்தெழுந்த இயேசு தோமாவிடம் காட்டுவது ஆணித் தழும்புள்ள அதே கைகளை. காயம்கூட விட்டுப்போகவில்லை. 1 கொரிந்தியர் 15 முழுவதும் அவருடைய எழுதலை முதற்பலனாக வைத்து நம்முடையதைப் பேசுகிறது. பத்து உடல்களில் வாழ்ந்த உயிர் எந்த உடலோடு எழும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் இரண்டையும் சேர்க்க முடியாது. வினைப்பயனைப் பிறவிதோறும் தீர்ப்பது ஒரு வழி, ஒரே பலியால் மன்னிக்கப்படுவது இன்னொரு வழி. அங்கேயும் அடிப்படை மோதுகிறது.

ஆகவே வரலாற்றுக் கிறிஸ்தவத்தோடு மறுபிறவி சேராது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1013-ம் பத்தியில் இதை வெளிப்படையாகவே மறுக்கிறது. மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) சபைகளும் பெரிய சீர்திருத்தச் சபைகளும் மறுபிறவியைப் போதிப்பதில்லை. சாவுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதில் மட்டும் சபைகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இறந்த ஆன்மா சுத்திகரிக்கப்படும் நிலையான உத்தரிக்கிற ஸ்தலம் அப்படி ஒரு போதனை. அதை மறுபிறவியின் வேறு வடிவம் என்று சொல்வது தவறு, அங்கே போகிற ஆன்மா மறுபடி பிறப்பதில்லை.

இதை ஒருவரிடம் விளக்கும்போது, அவர் ஏன் கேட்கிறார் என்பதை முதலில் கேளுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர் "அவன் திரும்பப் பிறப்பானா" என்று கேட்டால், எபிரெயர் 9:27-ஐ எடுக்காதீர்கள். நியாயத்தீர்ப்பு என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழும். யோவான் 11-ஐத் திறந்து, இயேசு கண்ணீர் விட்ட 35-ம் வசனம் வரை சேர்ந்து வாசியுங்கள். "திரும்பப் பிறப்பானா" என்ற கேள்விக்குள் இருப்பது "அவனை மறுபடி பார்ப்பேனா" என்பதுதான். வேறு பெயரில், வேறு தாயிடம் பிறந்துவிட்டால் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. உயிர்த்தெழுதலில் எழுகிறவன் அதே பிள்ளை.