ரிலே காலடியில் விட்டுப்போகும் சால்டர்: என் அனுபவம்

கோவை கணபதியில் போர்வெல் மோட்டார் பேனல் போர்டு பழுதுபார்க்கிறேன். பல்லடம், சூலூர் தோட்டங்களிலிருந்து வருபவற்றில், மோட்டாரை ஓட்டி நிறுத்தும் மின் சுவிட்சான ரிலேயின் கால் (பின்) போர்டில் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போவதுதான் ஓயாத தொல்லை. அவற்றில் இருப்பது ஈயமில்லாத சால்டர், அதாவது பற்றவைக்கும் உலோகக் கலவை: வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 சதவீதம்.

உருகிய வெள்ளீயமும் செம்பும் சேரும் இடத்தில் ஒரு சேர்மப் படலம் உருவாகும். அது இல்லாவிட்டால் பிடிப்பே இல்லை. ஆனால் மோட்டார் ஓடும் சூட்டில் அது தடித்துக்கொண்டே போனால், முறுக்கு மாதிரி நொறுங்கும்.

நானோ டைட்டானியம் டைஆக்சைடு துகள் அந்தப் படலத்தின் நுண்படிக மணிகள் மேல் ஒட்டி வளர்ச்சியை மட்டுப்படுத்தும் என்று படித்து, சால்டர் பேஸ்ட்டில் துளியூண்டு கலந்து பார்த்தேன். பாதிக்கு மேல், பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளக்ஸோடு (உலோகப் பரப்பைச் சுத்தப்படுத்தும் பொருள்) மேலே மிதந்து வந்துவிட்டது. ஆக்சைடை உருகிய வெள்ளீயம் நனைக்காது. கூடுதலாகப் போட்டால் துகள்கள் கட்டிதட்டி, சால்டர் செம்பில் பரவவே மறுத்தது. கையால் கிளறும் வேலையல்ல அதுங்க, ஆலையில் கலந்தால்தான் சீராக இருக்கும்.

கடைசியில் கைகொடுத்தது நிக்கல். 0.7 சதவீதச் செம்பும் 0.05 சதவீத நிக்கலும் கலந்த வெள்ளீயக் கம்பி. நிக்கல் துகளாக நிற்காமல் படலத்துக்குள்ளேயே கரைந்து அதை நிலைப்படுத்துகிறது. இது 227 டிகிரியில் உருகும். சால்டரிங் அயர்ன் சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். முதலில் பழைய சால்டரைச் செம்புப் பின்னலால் முழுக்க உறிஞ்சி எடுத்துவிடுங்க.