பெக்கோ சூடேறுதா? தெர்மோஸ்டாட்டில் கை வைக்க முதல் இதைப் பாருங்கள்

ஆனி, ஆடியில் கச்சான் என்ற வறண்ட சூடான காற்று அடிக்கத் தொடங்கினால் திருகோணமலைப் பக்கம் பெக்கோ, அதாவது மண் தோண்டுகிற மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் ஒரே முறைப்பாடுதான்: மத்தியானம் திரும்பினால் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகுது. உடனே யாராவது ஒருவர் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற வால்வை, கழற்றி எறியச் சொல்வார். கழற்றாதீர்கள். பெரிய டீசல் எஞ்சின் பலவற்றில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் மூடிவிடும். அது இல்லையென்றால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பி வரும், சூடு இன்னும் ஏறும்.

முதலில் வெளியே பாருங்கள், சூடேறுகிற கேஸ் நிறைய அங்கேயே முடிந்துவிடும். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒயில் கூலர், இன்டர்கூலர், ஏசி இருந்தால் அதன் கண்டென்சர் என்று அடுக்கடுக்காக நிற்கும். கல் உடைக்கிற கிரசரில் ஓடுகிற மெஷினில் கல்தூசியும் ஒயில் கசிவும் சேர்ந்து அந்த இடுக்குகளில் களி மாதிரி இறுகிப்போய் இருக்கும், வெளிக் கிரில் என்னவோ பளிச்சென்றுதான் தெரியும். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். வெளிச்சம் வராத இடத்தில் காற்றும் போகாது.

காற்று போகிற திசைக்கு எதிர்த்திசையில்தான் ஊத வேண்டும். திசை தெரியாவிட்டால், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது வெளிக் கிரில்லில் ஒரு கடதாசியை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் ஃபேன் உள்ளே இழுக்கிறது, அப்படியானால் உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டிகிரீசர் அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சாதாரண ஹோஸ் தண்ணீரால் நேராகக் கழுவுங்கள். பிரஷர் வோஷரைக் கிட்டப் பிடித்தால் ஃபின் என்கிற மெல்லிய தகடெல்லாம் மடிந்துவிடும், பிறகு சீப்பு வைத்து நிமிர்த்துவது பெரிய வேலை. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று கடலோரம் வேலை செய்கிற மெஷினுக்குத் தூசி இல்லாவிட்டாலும் நல்ல தண்ணீர் அடியுங்கள், உப்பு அலுமினியத்தைத் தின்றுவிடும்.

சரி, இனி உள்ளே. எஞ்சின் ஆறின பிறகுதான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டும். மேல் டேங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, கொஞ்சம் திருப்பி, அழுத்தம் போன பிறகு கழற்றுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புது மூடி போடுங்கள். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்தபடி இருந்தால் 108 பாகைக்குக் கிட்ட கொதிக்கும், ஒரு பார் அழுத்தம் தாங்குகிற மூடி அதையே 125க்கு மேல் தள்ளிவிடும். மலிவான சாமான் என்று மூடியை யாரும் கவனிப்பதில்லை.

நமக்கு என்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதற்கு, கிணற்றுத் தண்ணீர் போதும் என்பார்கள். பனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டீசல் எஞ்சின் ஓடும்போது, பிஸ்டன் ஓடுகிற குழாயான லைனர் அதிரும், அதன் வெளிப்புறத்தில் சின்னக் குமிழிகள் உண்டாகி உடைந்து உடைந்து இரும்பை ஊசித் துளையாகக் குடையும், கடைசியில் தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கும். கூலன்டில் இருக்கிற மருந்துதான் அதைத் தடுக்கிறது. கிணற்றுத் தண்ணீரோ உள்ளே காவி பிடித்துச் சூட்டை வெளியே விடாது. கூலன்டோடு கலக்க டிஸ்டில்ட் வோட்டர் வாங்குங்கள், 20 டொன் எக்ஸ்கவேட்டருக்கே மொத்தம் 20 முதல் 30 லீட்டர்தான் பிடிக்கும். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள், ஒரே பச்சையில் இரண்டு வகை வரும். மனுவலில் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வடிக்கும்போது ரேடியேட்டர் அடித் திருகோடு எஞ்சின் புளொக்கில் உள்ள பிளக்கையும் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பழசு பாதி உள்ளேயே நிற்கும். பழைய கூலன்டை வாளியில் பிடித்து மூடி வையுங்கள். அது இனிக்கும், நஞ்சு. மாடு, ஆடு, நாய் மட்டுமில்லை, இந்த ஊரில் மான்கூட வந்து நக்கும்.

பிறகு நல்ல தண்ணீர் விட்டு, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள், தெளிவாக வரும்வரை. கடைசியாக வடித்த பிறகு மற்றச் சாமான்களைப் பாருங்கள். ஹோஸை அமுக்கினால் கொளகொளவென்று இருந்தாலோ வெடிப்புத் தெரிந்தாலோ மாற்றுங்கள். வோட்டர் பம்பின் கீழே ஒரு சின்னத் துளை இருக்கும், அதில் ஈரமோ காய்ந்த கூலன்ட் கறையோ இருந்தால் சீல் போகிறது. தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டால் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, அடியில் படாமல் தொங்கவிட்டு, தெர்மோமீட்டரோடு பாருங்கள். 82 என்று அடித்திருந்தால் அதற்குக் கிட்டத் திறக்கத் தொடங்க வேண்டும்.

கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள், கேபினில் ஹீட்டர் இருந்தால் அதன் வால்வைத் திறந்துவிட்டு, காற்று வெளியேற நேரம் கொடுத்து. மூடி இல்லாமல் ஐடிலில் ஓடவிட்டு இறங்க இறங்க நிரப்புங்கள். எவ்வளவு ஓடியும் குமிழி நிற்காமல் வந்தால் எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், மெக்கானிக் பாஸைக் கூப்பிடுங்கள்.

அடுத்த நாள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டு, போட்ட கூலன்டின் வகையையும் திகதியையும் மெஷின் ஓடின மணித்தியாலம் காட்டுகிற மீட்டரின் கணக்கையும் டேங்கிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள், ஒப்பரேட்டர் மாறினாலும் வேறு கலரை ஊற்றமாட்டார்.