ஊருக்குப் போனால் வான் வேண்டுமா?

போன முறை வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போனபோது மூன்று கிழமைக்கும் சேர்த்து வாடகைக்கு ஒரு வான் பேசியிருந்தோம். பாதி நாள் அது மாமரத்தின் கீழேயே நின்றது. நின்ற நாளுக்கும் வாடகை, றைவர் தம்பிக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் எங்கள் பொறுப்பு. இனி தேவையான நாளுக்கு மட்டும்தான் வாகனம்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும் நாள் அப்படியொரு நாள். ஆளுக்கு இரண்டு பெட்டியோடு பஸ்ஸில் ஏற முடியாது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர் அளவு தூரம். பாரம் குறைவென்றால் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறுங்கள். போரில் 1990 இல் அறுந்த பாதை 2014 இல்தான் யாழ்ப்பாணம் வரை திரும்ப வந்தது. அந்த ரயிலில் ஊர் போய் இறங்குவதே தனிச் சுகம். இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது.

ஊருக்குள் பெரிய வீதிகளுக்கு பஸ் போதும். யாழ் நகர பஸ் நிலையத்தில் 750 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் நெல்லியடி வழியாகப் பருத்தித்துறை. சிவப்பு பஸ் அரசாங்கத்துடையது, மற்றவை தனியார். நெரிசலில் நின்றால் இருக்கிறவரே உங்கள் பையை வாங்கி மடியில் வைப்பார், பயப்படாமல் கொடுங்கள். சில்லறை வைத்திருங்கள். சந்தியில் இறங்கி ஒழுங்கைக்குள் போக ஓட்டோ இருக்கிறது, ஏறுமுன் காசு பேசுங்கள்.

நயினாதீவுக்கு வான் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். குறிகாட்டுவான் இறங்குதுறையில் வானை நிறுத்திவிட்டு எல்லாரும் படகில்தானே ஏற வேண்டும்! அதுவரைக்கும் பஸ்ஸே போகிறது. நல்லூரிலும் திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மூடிவிடுவார்கள், காரில் போனாலும் மிச்சம் நடைதான்.

முழங்கால் வருத்தமுள்ள அம்மா அப்பாவோடு ஒரே நாளில் நாலு வீடு போகவோ, வன்னியில் உட்கிராமங்களுக்குப் போகவோ வான்தான் சரி. நீங்களே ஓட்டலாம் என்று நினைத்தால், வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் போதாது, இலங்கையில் அனுமதி எடுக்க வேண்டும். கனடா, பிரான்ஸ் ஆட்களுக்கு வீதியின் பக்கமும் மாறும். நான் அந்த வேலைக்கே போவதில்லை.

இருட்டினால் பஸ் குறைந்துவிடும். போகும்போதே நடத்துனரிடம் கேளுங்கள்: “அண்ணை, திரும்பிவரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?”