சேலத்திலிருந்து சேலத்திற்கு: மாசசூசெட்ஸில் மூன்று இரவுகள்

அமெரிக்காவில் பிள்ளைகளோடு சில மாதங்கள் தங்கிவிட்டு வரும் நம் ஊர்ப் பெற்றோர்கள் பெரும்பாலும் நயாகரா அருவியையும் நியூயார்க்கையும் பார்த்துவிட்டு, மீதி நாள்களைப் பேரக்குழந்தையைத் தூங்க வைப்பதிலும் வாரக் கடைசியில் கடை கடையாக ஏறி இறங்குவதிலும் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். உங்கள் மகனோ மகளோ பாஸ்டன் பக்கம் இருந்தால், திங்கட்கிழமையும் சேர்ந்து வரும் ஏதாவது ஒரு தொடர் விடுமுறையில், கொஞ்சம் தாராளமாகவே செலவு செய்து, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் மூன்று இரவுகள் தங்கிவிட்டு வாருங்கள் என்று நான் சொல்வேன். செவ்வாய்ப்பேட்டையில் இதைச் சொன்னபோது என் சித்தப்பா, "சேலத்திலிருந்து சேலத்துக்குப் போக விமானம் எதற்கு?" என்று கேட்டார். பெயர் ஒற்றுமை தற்செயலானதுதான். 1626-இல் ஆங்கிலேயர் குடியேறிய அந்த ஊருக்கு, அமைதி என்ற பொருள் தரும் எபிரேயச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. நம் ஊருக்கோ மலை என்ற பொருள் தரும் சைலம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது இங்கே பலரும் சொல்லும் விளக்கம். ஆனால் அந்தச் சேலத்துக்கும் நம் கடற்கரைக்கும் பெயரைத் தாண்டிய ஓர் உறவு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றுவது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், எப்போது போகக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் போகாதீர்கள். 1692-ஆம் ஆண்டின் சூனிய வழக்குகளால் பெயர் பெற்ற ஊர் என்பதால், 1982-இல் தொடங்கிய ஹாலோவீன் கொண்டாட்டம் இப்போது அந்த மாதம் முழுவதையும் விழுங்கிவிட்டது. காரை நிறுத்த இடம் கிடைக்காது, அறை வாடகை எங்கோ போய்விடும், நடைபாதையில் நம் தேர்த்திருவிழாக் கூட்டம்போல இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மே மாதத்தின் கடைசித் திங்களை ஒட்டிய விடுமுறையும் செப்டம்பரின் முதல் திங்களை ஒட்டிய விடுமுறையும் நல்லவை. எனக்குச் செப்டம்பர்தான் பிடித்தது. பகலில் இதமான வெயில் இருக்கும். மாலையில் கடற்காற்று எழும்பும்போது, ஏற்காட்டுக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் ஒன்று போதும்.

அறை பதிவு செய்யும்போது மாநிலத்தின் பெயரை ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள். அமெரிக்காவில் சேலம் என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. ஆரெகான் மாநிலத்தின் தலைநகரே ஒரு சேலம்தான். எங்கள் மருமகன் அவசரத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சேலத்தில் அறை போட்டுவிட்டார். வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரிகிறது. ஆனால் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டிய தூரம். தவறு தெரிந்து பதிவை நீக்கியபோது ஒரு இரவு வாடகையை விடுதியினர் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தப் பயணத்தில் பணத்தை எங்கே கொட்ட வேண்டும் என்று கேட்டால், படுக்கும் இடத்தில் என்பேன். ஊரின் நடுப்பகுதி நடந்தே சுற்றிவிடக்கூடிய அளவுதான்; ஆகவே, ஊருக்கு வெளியே மலிவான அறை எடுத்து நாள்தோறும் காரில் வந்துபோவதைவிட, கோயிலைச் சுற்றிய வீதியில் வீடு எடுத்தாற்போல நடுவிலேயே தங்கிவிடுவது மேல். பிற்பகலில் ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுத்துவிட்டு மறுபடியும் கிளம்ப முடிவதுதான், அறுபதைத் தாண்டிய எனக்குத் தெரிந்த உண்மையான சொகுசு. சேலம் காமன் என்னும் பெரிய புல்வெளியை ஒட்டி 1925-இல் திறக்கப்பட்ட ஹாத்தார்ன் ஹோட்டல் இருக்கிறது. அதைவிடச் சிறியதாகவும் அந்தரங்கமாகவும் வேண்டுமென்றால், 1789-இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஓர் இரவு தங்கிய ஜோஷுவா வார்ட் இல்லமே இப்போது சில அறைகள் கொண்ட விடுதியாகியிருக்கிறது. பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. இணையத்தில் காட்டும் வாடகையில் வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது என்பதையும், உணவகத்தில் பில்லுக்கு மேல் 18 முதல் 20 விழுக்காடு டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பாஸ்டனின் நார்த் ஸ்டேஷனிலிருந்து ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் சேலம் வந்துவிடும். இருந்தாலும் வெள்ளிக்கிழமை மாலை படகிலேயே போங்கள். கோடைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் மட்டும் ஓடும் அந்தப் படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பாறைத் தீவுகளும் கலங்கரை விளக்கங்களும் ஒவ்வொன்றாக விலகிப்போக, கடைசியில் ஊரின் கூரைகள் தண்ணீர் மட்டத்திலிருந்து எழுந்து வரும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நான்கைந்து மணி நேரம் பேருந்தில் போக வேண்டிய ஊர்க்காரர்களான நமக்கு, அந்தச் சேலம் கடலால் பிழைத்த ஊர் என்பது இப்படி வந்து இறங்கும்போதுதான் உறைக்கும்.

சனிக்கிழமைக் காலையைத் துறைமுகத்துக்கே ஒதுக்குங்கள். 1938-இல் அமெரிக்க அரசு முதன்முதலாகத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்த இடம் இதுதான். டெர்பி துறைமேடை கடலுக்குள் ஏறக்குறைய அரை மைல் நீண்டு கிடக்கிறது. அதன் நுனியில் 1871-இல் கட்டிய சிறிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. பத்து மணிக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள், நிழல் இல்லை. இருபுறமும் இன்று காலியாகக் கிடக்கும் அந்த மேடையில் ஒரு காலத்தில் சரக்குக் கிடங்குகள் வரிசையாக நின்றன. அவற்றில் அடுக்கியிருந்தவற்றுள் முதன்மையானது மிளகு. ஜோனதன் கார்ன்ஸ் என்ற மாலுமி, இடத்தை யாருக்கும் சொல்லாமல் சுமத்ராவுக்குக் கப்பல் ஓட்டி, 1797-இல் மிளகை மூட்டை கட்டாமல் கப்பலின் அடிவயிற்றில் அப்படியே கொட்டி நிரப்பிக்கொண்டு வந்தார். லாபம் 700 விழுக்காடு என்கிறார்கள். அதற்குப் பிறகு சில பத்தாண்டுகள் உலக மிளகு வணிகத்தில் இந்தச் சின்ன ஊரின் பெயர் முன்னணியில் நின்றது. 1839-இல் நகரம் ஏற்ற முத்திரையில் சுமத்ரா மனிதர் ஒருவர் குடையோடு நிற்கிறார். கீழ்த்திசையின் கடைக்கோடித் துறைமுகம் வரை என்ற பொருளில் அதில் லத்தீன் வாசகம் பொறித்திருக்கிறது. சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறும் மிளகுக் கொடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்த ஊர் மாளிகைகளின் அடித்தளத்தில் இருப்பது இந்தக் கறுப்பு மணிதான் என்பது வேடிக்கையாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

துறைமேடைக்கு எதிரே, கூரையில் பொன்னிறக் கழுகு நிற்கும் 1819-ஆம் ஆண்டுச் சுங்க மாளிகை இருக்கிறது. எழுத்தாளர் நத்தேனியல் ஹாத்தார்ன் அங்கேதான் 1846 முதல் 1849 வரை சுங்க அதிகாரியாக வேலை பார்த்தார். 1797-ஆம் ஆண்டுக் கப்பல் ஒன்றின் அளவிலேயே கட்டிய ஃப்ரெண்ட்ஷிப் என்ற பாய்மரக் கப்பல் பழுதுபார்க்கப் போகாமல் துறையில் நின்றால், அதில் ஏறிப் பாருங்கள்.

அந்த இடத்தில் நிற்கும்போது ஒருவரை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். ஊரின் கிழக்குத் தேவாலயத்தில் போதகராக இருந்த வில்லியம் பென்ட்லி நாள்தோறும் நாட்குறிப்பு எழுதியவர். 1790 டிசம்பரில் அவர், மெட்ராஸிலிருந்து வந்த இந்தியர் ஒருவரை முதல்முறையாகக் கண்டதாக எழுதுகிறார்: மிகக் கறுத்த நிறம், நீண்ட நேரான கருங்கூந்தல், மென்மையான முகம், உயரமான உடல்வாகு. கப்பல் தலைவர் ஒருவரோடு வந்தவர் என்பது தவிர, பெயரைக்கூட அவர் குறிக்கவில்லை. அந்த மனிதர் என்ன மொழி பேசினார் என்று தெரியாவிட்டாலும், டிசம்பர்க் குளிரில் அவர் எதைப் போர்த்திக்கொண்டு அந்தத் தெருவில் நடந்திருப்பார் என்ற கேள்வி என்னை விடவில்லை.

மதிய உணவுக்குப் பிறகு பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையையோ தென் அமெரிக்காவின் கேப் ஹார்னையோ தாண்டிச் சென்ற கப்பல் தலைவர்களும் சரக்குப் பொறுப்பாளர்களும் மட்டுமே உறுப்பினராகக்கூடிய சங்கம் ஒன்று 1799-இல் இங்கே தொடங்கப்பட்டது. அவர்கள் தூர தேசங்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்த பொருள்களிலிருந்து வளர்ந்ததுதான் இந்த அருங்காட்சியகம். இந்திய நவீன ஓவியங்களின் பெரிய தொகுப்பு ஒன்றும் இவர்களிடம் இருக்கிறது. சீனாவில் இருநூறு ஆண்டுகள் நின்ற இன் யூ டாங் என்ற வணிகக் குடும்பத்து வீட்டைப் பிரித்து எடுத்துவந்து இங்கே மறுபடியும் பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள். முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி, "நம்ம பாட்டி வீடு மாதிரியே இருக்குங்க" என்றாள். அதற்கு நேரம் குறித்த தனிச் சீட்டு வேண்டும், காலையிலேயே வாங்கிவிடுங்கள். கால் வலித்தால் எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று அலையாதீர்கள். மறுநாளும் வரலாம் என்பதற்காகத்தானே மூன்று இரவு தங்குகிறோம்.

ஞாயிறு அதிகாலையில், கடைகள் திறக்குமுன், சூனிய வழக்கில் இறந்தவர்களின் நினைவிடத்துக்குப் போங்கள். வழக்கில் எவரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கற்களால் அழுத்திக் கொன்றார்கள். இன்னும் சிலர் சிறையிலேயே இறந்தார்கள். 1992-இல் அமைத்த நினைவிடத்தில், சுற்றுச்சுவரிலிருந்து கிரானைட் பலகைகள் திண்ணைபோல நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இறந்த முறை, தேதி. நுழைவாயிலில் நாம் மிதித்துப் போகும் கற்களைக் குனிந்து பாருங்கள். தாங்கள் குற்றமற்றவர்கள் என்று அவர்கள் நீதிமன்றத்தில் சொன்ன சொற்கள் அவற்றில் செதுக்கியிருக்கின்றன. வாக்கியம் முடிவதற்குள் சுவர் வந்து அதை நடுவில் வெட்டிவிடுகிறது. பக்கத்து இடுகாட்டிலேயே நீதிபதிகளுள் ஒருவரான ஜான் ஹாத்தார்னின் கல்லறை இருக்கிறது. முன்னே சொன்ன எழுத்தாளர் அவருடைய வழித்தோன்றல். இதற்குப் பிறகு, இன்னொரு நீதிபதி வாழ்ந்த விட்ச் ஹவுஸ் என்ற கறுத்த மரவீட்டை மட்டும் பார்த்தால் போதும். வழக்கோடு நேரடித் தொடர்புள்ள கட்டடங்களில் இந்த ஊரில் இன்றும் நிற்பது அது ஒன்றுதான். மெழுகு பொம்மைக் காட்சிகளும் கூர்த்தொப்பிக் கடைகளும் எனக்கு ஒப்பவில்லை. நம் கிராமங்களில் இன்றும் பில்லி சூனியம் என்று சொல்லி ஒரு கிழவியை ஊரைவிட்டு விலக்கிவைப்பதைக் கண்டவர்களுக்கு அது விளையாட்டாகத் தோன்றாது.

மாலையில் பாய்மரப் படகு. பிரிட்டனோடு நடந்த 1812-ஆம் ஆண்டுப் போரில் தனியார் போர்ப்படகாக ஓடிய ஒன்றை மாதிரியாக வைத்துக் கட்டிய ஃபேம் என்ற படகு, சூரியன் மறையும் நேரத்துக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. குடும்பமாகப் பத்துப் பேர் இருந்தால் முழுப் படகையும் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்; இந்த மூன்று நாளில் நான் யோசிக்காமல் செய்யச் சொல்லும் ஆடம்பரச் செலவு இதுதான்.

உணவைப் பற்றிச் சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே எங்கும் கிடைக்கும் கிளாம் சௌடர் என்ற வெண்ணிறச் சூப்பில் சிப்பிக்கறி இருப்பது பெயரிலேயே தெரியும். பன்றிக்கொழுப்பும் சேர்ப்பார்கள் என்பது தெரியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அசைவர்களுக்குக் கவலையில்லை, ஆனால் லாப்ஸ்டருக்கு எதிரே விலை போடாமல் அன்றைய சந்தை விலை என்று எழுதியிருந்தால், கூச்சப்படாமல் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நம் ஊர்த் தட்டுவடையை மகளின் பையில் போட்டுவிடலாம், படகில் கொறிக்க உதவும். மல்கோவாவை மட்டும் ஊரிலிருந்து எடுத்துப்போகும் ஆசையை விட்டுவிடுங்கள். விமான நிலையத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை அவசரமில்லாமல் செஸ்ட்நட் தெருவில் ஒரு நடை. மிளகும் துணியும் காப்பியும் கொண்டுவந்த பணத்தில் எழுந்த செங்கல் மாளிகைகள் இருபுறமும் நிற்கின்றன. சாமுவேல் மெக்கின்டயர் என்ற தச்சரும் கட்டடக் கலைஞருமானவரின் பெயரைத் தாங்கிய பகுதி இது. கதவு நிலைகளையும் தூண் தலைப்புகளையும் நம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கும் பொறுமையோடு பாருங்கள். அங்கிருந்து டெர்பி தெருவுக்கு வந்தால், 1668-இல் ஒரு கப்பல் தலைவர் கட்டிய, ஏழு கூம்புக் கூரைகள் கொண்ட வீடு இருக்கிறது. புகைபோக்கியை ஒட்டிய இரகசியப் படிக்கட்டு மிகக் குறுகலும் செங்குத்துமாக இருக்கும். முடியாதவர்கள் வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிட்டால் சுற்றி அழைத்துப் போவார்கள். எதிரே, 1806-இல் தொடங்கிய மிட்டாய் வணிகத்தின் கடை. பெயரில் பெப்பர் என்று இருந்தாலும் மிளகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னாளில் கடையை வாங்கிய குடும்பத்தின் பெயர் அது. ஜிப்ரால்டர் என்ற எலுமிச்சை மிட்டாய் எளிதில் கெடாது, பெட்டியில் உருகாது. ஆறு பொட்டலம் வாங்கினேன். அஸ்தம்பட்டி வந்து சேர்ந்தபோது நான்கு இருந்தன.