வன்னியிலிருந்து வெளிநாட்டுக்குப் பார்சல்: முதல் தடவை அனுப்புவோருக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து சுவிஸ், ஜேர்மனி, கனடாவில் உள்ள பிள்ளைக்குப் பார்சல் போட நினைக்கும் அம்மா, அப்பாமாருக்காக இதை எழுதுகிறேன். பெட்டி கட்டுவது பெரிய வேலை இல்லை. விலாசம்தான் முக்கியம். இங்கே பெயரோடு '5ம் வட்டாரம், புதுக்குடியிருப்பு' என்று எழுதினாலே தபால்காரர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். அங்குள்ள தபால்காரருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. கடிதப்பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும்தான் தெரியும்.

படி 1: கடிதப்பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்

சுவிஸிலும் ஜேர்மனியிலும் மாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் வீட்டுக் கதவுக்கு இலக்கம் இல்லை. கீழே வரிசையாகப் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பப் பெயர். மகளை நீங்கள் கவிதா என்பீர்கள். பெட்டியில் அவளுடைய அப்பாவின் பெயரோ கணவரின் பெயரோதான் இருக்கும். 'கவிதா' என்று மட்டும் எழுதினால் பொதி திரும்பி வந்துவிடும். ஆகவே வட்சப்பில் பெட்டியின் படத்தை வாங்கி, அதில் உள்ள எழுத்துக்களை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். பிள்ளை இன்னொருவர் வீட்டில் அறை எடுத்து இருந்தால், பிள்ளையின் பெயருக்குக் கீழே 'சி/ஓ' (c/o, இன்னார் மூலம் என்று அர்த்தம்) போட்டு வீட்டுக்காரரின் பெயரையும் எழுத வேண்டும். புதிதாகப் போனவர்கள் விஷயத்தில் இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கையால் எழுதிய விலாசத்தைப் படம் பிடித்து அனுப்பினால் இலக்கங்களைக் கவனமாகப் பாருங்கள். ஐரோப்பாவில் பலர் 1ஐக் கொக்கி வைத்து எழுதுவார்கள், நமக்கு அது 7 போலத் தெரியும். 7க்கு நடுவில் ஒரு கோடு இழுப்பார்கள்.

ஜேர்மனியில் வீதிப் பெயருக்குப் பிறகுதான் வீட்டு இலக்கம். ஊர்ப் பெயருக்கு முன்னால் 5 இலக்கத் தபால் குறியீடு வரும், சுவிஸில் அது 4 இலக்கம். கனடாவில் எழுத்தும் இலக்கமும் மாறிமாறி 6 வரும். அந்தக் குறியீட்டில் 'ஓ' என்ற எழுத்தே கிடையாது. வட்டமாக இருந்தால் அது சைபர்தான்.

படி 2: எதை வைக்கலாம்

மிளகாய்த்தூள், ஒடியல் மா, புளுக்கொடியல், பனங்கட்டி எல்லாம் நன்கு காய்ந்து, இரட்டைப் பொலித்தீன் பையில் இருக்கட்டும். நெய்யும் இறைச்சியும் ஐரோப்பாவுக்கு வேண்டாம். கோடையில் தோட்டம் வைக்கவென்று கத்தரி விதை, மிளகாய் விதை கேட்பார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கேட்பார்கள். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் தாவர சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் அவை சுங்கத்தைத் தாண்டா. வாசனைத் திரவியம், தீப்பெட்டி, பவர் பாங்க் வைக்கக் கூடாது.

படி 3: சுங்கப் படிவம்

'அன்பளிப்பு' என்று மட்டும் எழுதினால் போதாது. 'வறுத்த மிளகாய்த்தூள், 500 கிராம்' என்று பொருள் பொருளாக நிறையும் விலையும் எழுதுங்கள். அன்பளிப்புக் கட்டத்திலும் அடையாளம் இடுங்கள். ஜேர்மனி, பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 45 யூரோ, லண்டனுக்கு 39 பவுண்ட், கனடாவுக்கு 60 டொலர், சுவிஸுக்கு 100 பிராங்க் வரையான அன்பளிப்புக்குப் பொதுவாக வரி இல்லை. அதைத் தாண்டினால் வரியும் அதை அறவிடும் கட்டணமும் பிள்ளையின் தலையில் விழும். விலையைக் குறைத்து எழுதாதீர்கள். சந்தேகம் வந்தால் பொதியை நிறுத்திப் பற்றுச்சீட்டுக் கேட்பார்கள்.

படி 4: தபாற்கந்தோரில்

பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். சிறு பொதிக்கு எல்லை 2 கிலோ. கூடினால் பார்சல், கட்டணமும் படிவமும் வேறு. அனுப்புபவர் விலாசத்தில் உங்கள் உப தபாலகத்தின் பெயரையும் எழுதுங்கள், திரும்பி வந்தால் வழி தெரிய வேண்டுமே. பதிவு செய்தே அனுப்புங்கள். கிடைக்கும் 13 எழுத்து எண்ணில் முன்னால் 2 எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் இலங்கையைக் குறிக்கும் 'எல்.கே.' இருக்கும். உடனே அதைப் படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள்.

கொழும்பைத் தாண்டிய பிறகு சில நாட்களுக்கு அந்த எண்ணில் ஒரு அசைவும் தெரியாமல் இருக்கலாம். பயப்படத் தேவையில்லை. அதே எண்ணை அந்த நாட்டுத் தபால் சேவையின் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 5: பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது

பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆள் இல்லாவிட்டால் தபால்காரர் ஒரு அட்டையைப் போட்டுவிட்டுப் போவார். ஜேர்மனியில் பக்கத்து வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போவதுண்டு, யார் வீடு என்று அட்டையில் இருக்கும். தபாலகத்தில் ஜேர்மனியிலும் சுவிஸிலும் 7 நாள், கனடாவில் 15 நாள் வைத்திருப்பார்கள். விடுமுறைக்கு வெளியூர் போகும் காலமா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

பொதி போய்ச் சேராவிட்டால் அனுப்பிய தபாலகத்தில்தான் விசாரணைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அனுப்பியதிலிருந்து 6 மாதத்துக்குள் அதைச் செய்யலாம். அதுவரை பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.