வலிக்கிற பல்லும் அவசரப் பல்லும்

அக்கா மகனுக்கு அப்போது பத்து வயது. தெருவில் கிரிக்கெட் ஆடும்போது பந்து வாயில் பட்டு, முன்பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்துவிட்டது. உதட்டில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துப் பதறினோமே தவிர, பல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அம்மாதான் மண்ணில் தேடி எடுத்து வந்தார். குழாயடியில் சோப்புப் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, முத்துப் போலப் பளிச்சென்று ஆக்கி, காகிதத்தில் மடித்து சாமி அலமாரியில் வைத்தார். பையன் அழுகை அடங்கி, உதட்டுக்கு ஐஸ் வைத்து, பல் டாக்டரிடம் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. டாக்டர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யார் இவ்வளவு சுத்தமாக் கழுவினது?" என்றார். பாராட்டு என்றுதான் அம்மா முதலில் நினைத்தார்.

பல்லின் வேரைச் சுற்றி ஈரமான மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பல்லையும் தாடை எலும்பையும் பிணைப்பது அதுதான். விழுந்த பல்லிலும் அந்தச் சவ்வின் செல்கள் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். காய்ந்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் செத்துவிடும். பிரஷ்ஷால் தேய்த்தாலோ அப்போதே போச்சு. அதன் பிறகு பல்லைத் திருப்பி வைத்தாலும் அது எலும்போடு எலும்பாக ஒட்டி, நாளடைவில் வேர் கரைய ஆரம்பிக்கும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: தாடை வளர வளர, அந்தப் பல் மட்டும் வளராமல் பக்கத்துப் பற்களைவிடக் குட்டையாகத் தெரியும். எங்கள் பையனுக்கு இப்போது அப்படித்தான் இருக்கிறது.

என்ன செய்திருக்க வேண்டும்? பல்லை வெள்ளைப் பக்கமாகப் பிடிக்க வேண்டும், வேரைத் தொடக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ சில விநாடி அலசினால் போதும். பிள்ளை நல்ல நினைவோடு இருந்தால், முன்பக்கம் பின்பக்கம் பார்த்து, அந்தக் குழியிலேயே மெதுவாக அழுத்தி வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லிக் கிளம்பிவிடலாம். வைக்கப் பயமாக இருந்தால் ஒரு டம்ளர் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பாக்கெட் பாலைக் காய்ச்சக்கூட வேண்டாம். பால் கிடைக்கவில்லையா, பையனையே ஒரு கிண்ணத்தில் எச்சில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். தண்ணீர் அவ்வளவு நல்லதில்லை, ஆனால் காகிதத்தில் மடிப்பதற்கு அது எவ்வளவோ மேல். அடிபட்டதில் மயக்கமோ வாந்தியோ இருந்தால் இதெல்லாம் அப்புறம். தலைக்காயம் பார்க்கும் மருத்துவமனைக்கு முதலில் ஓட வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. விழுந்தது பால் பல் என்றால் திருப்பி வைக்கவே கூடாது. உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப் பல்லின் முளை கெட்டுப்போகும். சாண உருண்டையில் வைத்துக் கூரை மேல் எறிவார்களே, அது அந்தப் பல்லுக்குச் சரி. எந்தப் பல் என்று தெரியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டுபோய் டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பல் போனபோது பையனுக்குப் பெரிதாக வலிக்கவே இல்லை. நாமோ பல் விஷயத்தில் வலியை வைத்துத்தான் அவசரத்தை அளக்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்குச் சொத்தைப் பல் குத்திக் குடைந்தால் உயிரே போகிற மாதிரி இருக்கும். ஆனால் வீக்கமோ காய்ச்சலோ இல்லையென்றால் பெரும்பாலும் விடியும் வரை அது பொறுக்கும். அதற்குள் நாம் செய்கிற கைவைத்தியம்தான் கெடுத்துவிடும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ஈறு முழுக்க அப்புவதும், ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்வதும் ஈற்றை வெந்துபோகச் செய்யும். மாத்திரை வலியைக் குறைப்பது விழுங்கினால்தான். பாராசிட்டமால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், அட்டையில் போட்ட அளவைத் தாண்டக் கூடாது. டெங்கு சந்தேகம், வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இவை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையின் பக்கம் போக வேண்டாம்.

மெடிக்கலில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது அடுத்தது. பல்லுக்குள் நரம்பு வீங்கித் துடிக்கும் வலிக்கு ஆன்டிபயாடிக் நிவாரணம் தராது. நரம்பு செத்துவிட்டாலோ அங்கே ரத்த ஓட்டமே இல்லை, மருந்து எந்த வழியாகப் போகும்? வேர் சிகிச்சை அல்லது பல்லை எடுப்பது, இரண்டில் ஒன்றுதான் வழி. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்ற பயத்தில் மாத்திரையிலேயே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

வாரக்கணக்கில் வலித்த பல் ஒருநாள் தானாக அடங்கினால் "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பயமான இடம். பல நேரம் நரம்பு செத்ததால்தான் வலி நின்றிருக்கும். கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒருநாள் கன்னம் வீங்கும். உடனே தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம். வெளியிலிருந்து சூடு கொடுக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைத்துக்கொண்டு அன்றைக்கே பல் டாக்டரைப் பாருங்கள்.

வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்துக்கோ இறங்கினால், நாக்கு மேலே தூக்கிக்கொண்டால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், பேச்சு குழறினால், வாயைத் திறக்கவே வராவிட்டால், பல் கிளினிக் வாசலில் காத்திருக்கக் கூடாது. இதை லுட்விக் ஆஞ்சைனா என்பார்கள், 1836-ல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவரின் பெயர். மூச்சுக்குழாய் சில மணி நேரத்திலேயே அடைபடலாம். 108-ஐக் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மேல் பல் வீக்கம் கண்ணை மூட ஆரம்பித்தாலும் அப்படித்தான்.

பல் எடுத்த அன்று ரத்தம் நிற்கவில்லை என்று வாய் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்புவதும் தவறுதான். குழியில் உறைந்த ரத்தம்தான் மூடி. ஒவ்வொரு துப்பலிலும் அது பிய்ந்து வரும். சுத்தமான பஞ்சுத்துணியை மடித்து அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். அதற்குப் பிறகும் கொட்டினால், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக, பல்லிலிருந்தே வராத பல்வலி. மாடிப்படி ஏறினால் கீழ்த்தாடை வலிக்கிறது, நின்றால் குறைகிறது, கூடவே வியர்வை, நெஞ்சில் பாரம் என்றால் அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். அப்படி வலிக்கிறவருக்கு வேண்டியது ஈசிஜி.